சிவப்பு என்றால் எவ்வளவு

பதினொரு பேர் கூடியிருந்த ஓர் அறையில், சுவரில் விழுந்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் மிகுந்த நிதானத்தோடும் பொறுப்போடும் நாங்கள் தவறான முடிவொன்றை எடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைக்கும்போது, அந்த நிதானமே என்னை அதிகமாக வருத்துகிறது. அவசரத்தில் நேர்ந்த பிழைக்கு ஒரு சமாதானம் உண்டு. விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒவ்வொருவருடைய அபிப்பிராயத்தையும் கேட்டுச் செய்த பிழைக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

குழாய்களுக்குள் ஓடும் நீர், தன்னைச் சூழ்ந்திருக்கும் உலோகத்தின் வெப்பத்தை எவ்விதமாக ஏந்திச் செல்கிறது என்பதைக் கணித்துச் சொல்வது எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தொழில். குழாய் வளையும் இடத்தில் உலோகம் எவ்வளவு சூடாகிறது என்பதே அன்றைய கேள்வி. இரண்டு வடிவங்கள், இரண்டு கணக்குகள், இரண்டு படங்கள். இரண்டிலும் வளைவின் உட்புறத்தில் ஏறக்குறைய ஒரே பரப்பில் சிவப்பு படர்ந்திருந்தது. புதிய வடிவத்தினால் பாதகம் ஒன்றுமில்லை, பழையதற்கு அது சமானமே என்று தீர்மானித்து எழுந்தோம். மூன்று வாரம் கழித்து, வேறொரு காரியத்துக்காக எண்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி, முதற்படத்தில் சிவப்பின் உச்சி 340 கெல்வின் என்றும், இரண்டாம் படத்தில் அதே சிவப்பு 365 கெல்வின் என்றும் கண்டு, கையில் மடிக்கணினியைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்து, "சார், ரெண்டு படத்துலயும் இருக்கிற சிவப்பு ஒண்ணு இல்ல சார்" என்றாள். நிறத்துக்கு எதிரே எண்ணைக் காட்டும் பட்டை, படத்தின் ஓரத்தில் இருந்திருக்க வேண்டியது, இரண்டு படங்களையும் ஒரே பக்கத்தில் அடக்கும் சௌகரியத்துக்காக வெட்டப்பட்டிருந்தது.

இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தை வரைந்தவன் மென்பொருள் தானாகக் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டான். மென்பொருளோ, எந்தத் தரவைக் கொடுத்தாலும் அதிலுள்ள மிகச் சிறிய எண்ணை நீலத்தின் அடியிலும் மிகப் பெரிய எண்ணைச் சிவப்பின் உச்சியிலும் பொருத்தி, இடைப்பட்ட நிறங்களையெல்லாம் நடுவே பங்கிட்டு, தனியே ஒரு படத்தைப் பார்ப்பவனுக்கு எவ்வளவு வேற்றுமையைக் காட்ட முடியுமோ அவ்வளவையும் காட்டியது. தனி மனிதனுக்கு அது பேருபகாரம். இரண்டு பேர் இரண்டு படங்களை ஒப்பிட உட்காரும்போதுதான் அந்த உபகாரமே வினையாகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, குழுவில் எல்லோரும் ஒரே விதமாகப் பயன்படுத்தும்படி மென்பொருளை நிறுவி ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். ஓர் ஆண்டின் பெரும்பகுதி அதில் கழிந்தது. சரியாகச் சொன்னால், கணினியோடு கழிந்தது அதில் சிறிது. மனிதர்களோடு பேசிக் கழிந்ததே மிகுதி.

நாங்கள் பயன்படுத்துவது பாராவியூ என்னும் மென்பொருள். அமெரிக்காவில் கிட்வேர் என்ற நிறுவனமும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடமும் கூடி 2000ஆம் ஆண்டில் தொடங்கி, 2002இல் முதன்முதலாக எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது அது. அதன் அடித்தளமாக உள்ள விடிகே என்னும் நிரல் தொகுதியின் கதை இன்னும் சுவாரசியமானது: ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லாரென்சன் என்ற மூவர், தரவுகளைக் காட்சியாக்குவது பற்றித் தாங்கள் எழுத நினைத்த பாடநூலுக்கு உதாரணமாக இருக்கட்டும் என்று 1993இல் எழுதத் தொடங்கிய நிரல் அது. நூலுக்கு அனுபந்தமாகப் பிறந்தது நூலைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்துவிட்டது. கற்பிப்பதற்கென்று எழுதப்பட்டதாலோ என்னவோ, அதன் அமைப்பில் ஒரு தெளிவு இன்றும் இருக்கிறது என்பது அதன் உட்புறத்தில் பல இரவுகள் அலைந்த என் அனுபவம்.

ஒரு கணினியின் நினைவகத்தில் அடங்காத தரவைப் பல கணினிகள் பங்கிட்டுக்கொண்டு படமாக்க வேண்டும் என்பதே பாராவியூவின் பிறவிப் பிரயோஜனம். ஆகவே அது இரண்டு பாதிகளாக வேலை செய்யும். ஒரு பாதி, குளிரூட்டிய கூடத்தில் வரிசையாக நிற்கும் சர்வர்களில், தரவு எங்கே கிடக்கிறதோ அங்கேயே ஓடும். மற்றொரு பாதி நம் மேசையில் இருந்துகொண்டு, முடிந்த படத்தை மட்டும் வாங்கிக் காட்டும். இரண்டு பாதிகளும் ஒரே பதிப்பாக இருந்தாலொழிய ஒன்றோடொன்று பேசா. பதினொரு பேரில் ஒருவர் ஆர்வத்தால் புதிய பதிப்பை ஏற்றியிருப்பார். இன்னொருவர் நான்கு ஆண்டுகளாகப் பழையதைத் தொட்டிருக்க மாட்டார். எல்லோரையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவருவது, திரையே இல்லாத சர்வர்களில் படம் தீட்டுவதற்கு ஏற்ற விதமாக அதைத் தொகுப்பது, 11111 என்ற வாயிலெண்ணைப் பாதுகாப்புச் சுவரின் வழியே திறந்துவிடச் செய்வது ஆகிய வேலைகளில் ஒரு மாதம் போயிற்று. அவற்றை விரித்துரைப்பதால் வாசகருக்கு ஆவதொன்றுமில்லை.

ஆனால் அந்த மாதத்தில் கண்ட ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. ஒருவர் பல மணி நேரம் செலவழித்து அமைத்த காட்சியை, அதாவது எந்தத் தரவு, எந்த வெட்டுமுகம், எந்தக் கோணம், எந்த நிறம் என்ற விவரங்களையெல்லாம், ஒரு கோப்பாகச் சேமித்துப் பிறரிடம் கொடுக்கலாம். வாங்கியவர் திறந்தால், பல சமயம், தரவு கிடைக்கவில்லை என்ற செய்திதான் வரும். ஏனென்றால் அந்தக் கோப்பு, தரவு இருக்கும் இடத்தை, கொடுத்தவருடைய கணினியின் விலாசமாகவே எழுதி வைத்திருக்கும். எல்லாத் தரவும் எல்லோருக்கும் ஒரே விலாசத்தில் தென்படும்படி பொது அடைவு ஒன்றை ஏற்படுத்திய பிறகுதான், ஒருவருடைய காட்சி இன்னொருவருடைய மேசையில் தடையில்லாமல் விரிந்தது. அன்று ஒரு மாணவன், தான் வரைந்ததை நண்பனுடைய திரையில் அப்படியே கண்டபோது அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் பார்த்து, இத்தனை காலம் நாங்கள் ஒரே அறையில் இருந்தும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

கருவி பொதுவாக வேண்டும் என்ற தாகத்திலிருந்து பிறந்த மற்றொரு மென்பொருள் நினைவுக்கு வருகிறது. ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மேற்பரப்பிலிருந்து பதிவாகும் மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கான வணிக மென்பொருளுக்கு அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே உரிமம். மாணவர்களும் மருத்துவம் படிப்போரும் ஆராய்ச்சியாளர்களும், கணினியில் செருகும் சிறு சாவி ஒன்றை, முறைவைத்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பயன்படுத்தினார்கள். ஹன்டர் அதற்கு மாற்றாகத் தாமே எழுதத் தொடங்கியதே பின்னர் மேட்பிளாட்லிப் என்ற பெயரில் 2003இல் வெளியாகி, இன்று உலகெங்கும் விஞ்ஞானிகள் வரைபடம் தீட்டும் கருவியாயிற்று. 2012இல், நாற்பத்து நான்காம் வயதில் அவர் காலமானார். கருந்துளையின் முதற்படம் என்று 2019இல் உலகமே வியந்து பார்த்த அந்தச் செம்மஞ்சள் வளையத்தை உருவாக்கிய பணியிலும் அவருடைய கருவிக்குப் பங்குண்டு. ஒரு சாவிக்காக வரிசையில் காத்திருந்தவர்களை நினைத்து ஒருவர் செய்த வேலை எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

அந்த வளையத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொலைநோக்கிகள் அங்கே வாங்கியது 1.3 மில்லிமீட்டர் நீளமுள்ள வானொலி அலைகளை. கண்ணுக்கு எட்டாத அவற்றுக்கு நிறமே கிடையாது. செம்மஞ்சள் என்பது மனிதர்கள் பார்த்துக் கொடுத்தது. எங்கள் குழாயின் சிவப்பும் அப்படியே. எண்ணுக்கு நிறம் இயற்கையில் இல்லை; யாரோ ஒருவர் அமர்ந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று நிர்ணயம் செய்திருக்கிறார். அந்த நிர்ணயத்தை நாம் செய்யாமல் விட்டால், எங்கோ, எப்போதோ, நம் தரவைக் கண்டிராத ஒருவர் செய்துவைத்தது நமக்காக அமலில் இருக்கும். எங்கள் அறையில் அதை எல்லோரும் டிஃபால்ட் என்றே சொல்வார்கள். டிஃபால்ட்டைத் தொடாமல் விடுவதும் ஒரு முடிவுதான் என்பதை உணர்வதற்கு எனக்கு அந்த இரண்டு சிவப்புகள் வேண்டியிருந்தன.

பல்லாண்டு காலம் அப்படி அமலில் இருந்தது வானவில். நீலத்தில் தொடங்கி, பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் ஜெட் என்னும் நிறவரிசை, விண்வெளியில் பீறிடும் பாய்மத் தாரையைக் கணித்துக் காட்டிய ஒரு பழைய வேலையோடு தொடர்புடையது. தாரை என்ற பொருளில்தான் அந்தப் பெயரும். பார்க்க அழகானது. பாட்டியின் கொலுப் படிகள் போல் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதிலுள்ள தோஷம், எண் ஏற ஏற வெளிச்சமும் ஒழுங்காக ஏறுவதில்லை என்பது. இரண்டு கோடிகளும் இருண்டு, நடுவே மஞ்சளும் இளநீலமும் பளிச்சென்று நிற்கும். கண் முதலில் கிரகிப்பது வெளிச்சத்தின் மாறுதலை. ஆகையால், தரவில் ஒன்றுமே நிகழாத இடத்தில், மஞ்சள் தொடங்குகிறது என்ற ஒரே காரணத்தால், விளிம்பொன்று இருப்பதாகக் கண் சத்தியம் செய்யும். எங்கள் மாணவன் ஒருவன், நீரோட்டத்தில் வெப்ப எல்லை ஒன்று நிலைத்து நிற்பதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தான். எழுத்து நன்றாகவே இருந்தது. அதே தரவைக் கருப்பு வெள்ளையில் மாற்றிக் காட்டியபோது, எல்லை இருந்த இடத்தில் மெல்லிய, தொடர்ச்சியான சரிவொன்றுதான் இருந்தது. அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் மஞ்சளைப் பத்தித்தான் சார் எழுதியிருக்கேன்" என்றான் பிறகு.

இது எங்கள் சிறு குழுவின் அனுபவம் மாத்திரமில்லை. 2007இல் டேவிட் போர்லாண்டும் ரஸ்ஸல் டெய்லரும், வானவில் வரிசை இன்னும் கேடு விளைவித்துக்கொண்டிருக்கிறது என்று தலைப்பிலேயே அலுத்துக்கொண்டு கட்டுரை எழுதினார்கள். 2011இல் ஹார்வர்டில் மிஷெல் போர்கினும் சகாக்களும் இருதய ரத்தக்குழாய்களின் படங்களை மருத்துவ மாணவர்களுக்குக் காட்டி, அபாயம் உள்ள இடங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முப்பரிமாண உருவத்தில் வானவில் நிறங்களோடு காட்டியபோது அவர்கள் கண்டது 39 சதவீதம். குழாயைத் தட்டையாக விரித்து, கண்ணுக்கு இசைந்த நிறவரிசையில் காட்டியபோது 91 சதவீதம். நோயாளி ஒருவரே, ரத்தக்குழாய் ஒன்றே. காட்டிய விதம் வேறு. இந்த இரண்டு எண்களையும் நான் ஒரு தாளில் பெரிதாக எழுதி எங்கள் அறைச் சுவரில் ஒட்டினேன். அழகுக்காக இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, நான் வாய் திறந்து வாதாடியதைவிட அந்தத் தாள் நன்றாகப் பதில் சொல்லிற்று.

உலகமும் மெல்ல மாறியது. மேட்லேப் 2014இல் ஜெட்டை முதலிடத்திலிருந்து இறக்கிற்று. மேட்பிளாட்லிப்புக்காக ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நதானியல் ஸ்மித்தும் விரிடிஸ் என்ற புதிய வரிசையை அமைத்து 2015இல் அறிமுகம் செய்தார்கள். கரு ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும் அது, ஒவ்வொரு படியிலும் கண்ணுக்குச் சமமான மாறுதலாகத் தோன்றும்படி கணக்கிட்டுச் செய்யப்பட்டது. கருப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது. 2017இல் அதுவே அந்த மென்பொருளின் டிஃபால்ட் ஆயிற்று. பாராவியூவுக்கு, சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென்னத் மோர்லேண்ட் குளிர்ந்த நீலத்திலிருந்து வெளிறிய நடுவழியாகச் சிவப்புக்குச் செல்லும் வரிசையொன்றை ஆராய்ந்து 2009இல் எழுதினார். முப்பரிமாண உருவத்தில் நிழலும் விழுமாதலால், நிறமே இருண்டு நிழலோடு குழம்பிவிடக் கூடாதென்பது அவர் கவலை. ஒரு நிறவரிசைக்குள் இத்தனை கரிசனம் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்த பிறகு, பட்டியலில் ஏதோ ஒன்றைச் சொடுக்கிவிட்டு நகர்வது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

எங்கள் குழுவின் பேராசிரியரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். படம் பார்க்கும்போதெல்லாம் அவர் எழுந்து திரையருகே வந்து, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, விரலை ஓரிடத்தில் வைத்து, "இது எந்தப் பக்கம்மா, மேலயா கீழயா?" என்று கேட்பார். மாணவர்களின் கவனத்தைச் சோதிக்கிறார் என்றே பல வருஷம் நாங்கள் எண்ணியிருந்தோம். புதிய நிறவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு மாதிரிகளை எடுத்துக்கொண்டு நான் அவர் அறைக்குச் சென்ற அன்றுதான், சிவப்பும் பச்சையும் தமக்கு ஏறக்குறைய ஒரே பழுப்பாகத் தெரியும் என்றும், வானவில் படத்தில் பாதி தமக்குப் புரிந்ததே இல்லை என்றும், ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறை உண்டு என்பது கணக்கு. மற்ற மக்களிடையே சற்றுக் குறைவானாலும், பதினொரு பேர் உள்ள அறையில் ஒருவருக்கு இருப்பது அதிசயமன்று. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனே 1794இல் மான்செஸ்டரில் தம் பார்வைக் குறையைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாயிருப்பதால்தான் அப்படித் தெரிகிறது என்று நம்பி, தாம் இறந்த பிறகு சோதிக்கும்படி கேட்டுக்கொண்டார். 1844இல் சோதித்தார்கள், திரவம் தெளிந்தே இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து மரபணுவை எடுத்து 1995இல்தான் உண்மைக் காரணத்தை அறிந்தார்கள்.

எத்தனை கூட்டங்களில் நாங்கள் அந்த மனிதரைத் தனியே விட்டிருக்கிறோம்! அவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் பின்னோக்கி வந்து என்னைத் தைத்தது. புதிய வரிசையில் தீட்டிய முதற்படத்தை அவர் முன் வைத்தேன். அவர் எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பார்த்து, குழாயின் வளைவை விரலால் காற்றில் வரைந்து, "இங்கேதான் ஏறுது, இல்லையா?" என்றார்.

நிறம் தீர்ந்தது; எல்லை தீரவில்லை. எந்த எண்ணில் நிறம் தொடங்கி எந்த எண்ணில் முடிய வேண்டும் என்பதைப் பொதுவாக நிர்ணயம் செய்ய மூன்று முறை கூடினோம். கணக்கு கெல்வினில் நடக்கும். பட்டறைக்காரர்களோ செல்சியஸில் அல்லாமல் பேச மாட்டார்கள். உலோகம் தாங்கும் உச்சியைச் சிவப்பின் முடிவாக வைப்பதா, இதுவரை கண்ட உச்சியை வைப்பதா என்று ஒரு நாள் முழுக்க விவாதம். எனக்கு அப்போது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், ரத்தினங்களைத் தக்ஷிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்ததாக அவற்றில் வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பொன் என்று சொல்லி நிறுத்தாமல், எந்தக் கல்லால் நிறுத்த இவ்வளவு என்பதையும் சேர்த்தே கருங்கல்லில் பொறித்த அந்தக் கணக்கர்களின் மனப்பான்மையை நான் வணங்குகிறேன். எங்கள் படங்களில் இல்லாமற்போனது அந்தக் கல்லின் பெயர்தான். ஆகவே, படத்தைச் சேமிக்கும்போதே அதன் கீழ் மூலையில் தரவின் பெயர், மென்பொருளின் பதிப்பு, நிறவரிசை, தொடக்க எண், முடிவெண் எல்லாம் தாமாகவே பதியும்படி சிறு நிரலொன்று எழுதி எல்லோருடைய கருவிப்பட்டையிலும் ஒரு பொத்தானாக வைத்தேன். நாற்பது வரிகூட இல்லாத நிரல். நான் செய்தவற்றுள் மிகவும் பயன்பட்டது அதுவே.

பாராவியூவில், நிறத்தையும் கோணத்தையும் மாற்றினால் படம் உடனே மாறும்; வெட்டுமுகம் போலத் தரவைக் கையாளும் மாற்றத்தைச் செய்தாலோ, அப்ளை என்ற பொத்தானை அழுத்தும் வரை மாறாது. அழுத்தாமலே மாறும்படி வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இளைஞர்கள் அந்த வழியைக் கேட்டார்கள். எங்கள் தரவின் அளவில் ஒவ்வோர் அசைவுக்கும் சில நிமிஷம் காத்திருக்க நேரும் என்பதைச் சொல்லி மறுத்தேன். உள்ளூர எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என்ன கேட்கப்போகிறோம் என்று ஒரு கணம் நின்று யோசித்துப் பிறகு அழுத்தும் அந்த இடைவெளியை நான் விரும்புகிறேன். எழுதுகிறவன் பேனாவை மைக்கூட்டில் தோய்க்கும் நேரம் போன்றது அது.

கணக்கிடும் முறையில் குழாயின் உட்புறம் லட்சக்கணக்கான சிறு அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓர் அறைக்கு ஓர் எண். அவற்றை உள்ளபடியே காட்டினால் படம் சிறு சிறு கட்டங்களாக, சொரசொரப்பாகத் தெரியும். மூலைகளுக்குப் பங்கிட்டுச் சராசரி செய்து காட்டினால் பட்டுப்போல் வழுவழுப்பாகும். வழுவழுப்பையே எல்லோரும் விரும்பினார்கள். கட்டுரைகளிலும் அதுதான் எடுப்பு. ஆனால் எந்த இடத்தில் எங்கள் அறைகள் பெரியவையோ, எங்கே கணக்கு முரடாக இருக்கிறதோ, அதையும் அந்த வழுவழுப்பு மூடிவிடுகிறது. சொரசொரப்பையே டிஃபால்ட்டாக வைத்தேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆறு மாதத்தில், வளைவுக்கருகே அறைகள் போதாதென்று கண்ணாலேயே கண்டு, அவர்களில் இருவர் தாமாகவே அவற்றைச் சிறிதாக்கிக் கணக்கை மறுபடி போட்டார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இருபது வருஷம் வானவில்லிலேயே படம் பார்த்துப் பழகிய மூத்த சகா ஒருவர், "தம்பி, எனக்கு அது தாய்பாஷை மாதிரி, பச்சையைப் பார்த்தாலே எண் மனசுக்குள்ள வந்துடும்" என்றார். அதில் உண்மையிருந்தது. எந்த நிறத்துக்கு எந்த எண் என்பதைக் கையால் தொடாமலே சொல்லும் தேர்ச்சி அவருக்கு உண்டு. நானே பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். தேர்ந்த கண் ஒன்றை விதியால் குருடாக்கும் அதிகாரம் எனக்கு ஏது? அவர் தனியே பார்க்கும்போது வானவில், பலர் பார்க்கும் படத்துக்குப் பொது வரிசை என்று ஒப்புக்கொண்டோம். இந்த ஏற்பாட்டை யார், என்று, எந்தக் காரணத்தால் செய்தார்கள் என்பதைப் பொது அடைவில் உள்ள ஒரு கோப்பில் எழுதி வைத்தோம். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அப்படி ஒரு பத்தி. எதிர்த்தவர்களின் வாதமும் அதிலேயே உண்டு.

அந்தக் கோப்பின் கடைசிப் பத்தி சென்ற மாதம் எழுதியது. முதலில் இரண்டு சிவப்புகளைக் கண்டுபிடித்த அதே மாணவி வந்து, பொது எல்லையை வைத்துப் பார்த்தால் தன் குழாயின் நேர்பகுதி முழுவதும் ஒரே ஊதாவாக, ஒன்றுமே நிகழாததுபோலத் தெரிகிறது என்றாள். 300 கெல்வினிலிருந்து 370 வரை நாங்கள் விரித்துவைத்த அளவில், அவள் தேடிய இரண்டு கெல்வின் வேற்றுமை எங்கே தெரியும்? தன் எல்லையைத் தானே குறுக்கிக்கொண்டு பார்த்திருக்கிறாள்; சுவரையொட்டி ஒரு சிறு சுழல், நூலைச் சுருட்டியதுபோல, சுழன்றுகொண்டிருந்தது. நாங்கள் ஓராண்டு உட்கார்ந்து உண்டாக்கிய ஒழுங்கு அந்தச் சுழலை அழகாக மறைத்து வைத்திருந்தது.

"விதியை மீறிட்டேன் சார்" என்றாள், சற்றே பயந்து.

நாற்காலியை இழுத்துப்போட்டு அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பொத்தானின் நிரலைத் திறந்து, பொது எல்லை, தன் எல்லை என்று இரண்டு வழிகள் அமைத்து, தன் எல்லையில் சேமிக்கும் படத்தின் மூலையில் அந்த எண்கள் இரட்டிப்புப் பெரிதாகப் பதியும்படி செய்தோம். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். பிறகு சுழலின் படத்தைச் சேமித்தாள். கீழ்மூலையில் 301 என்றும் 303 என்றும் கறுப்பெழுத்தில் விழுந்தன. அதைப் பேராசிரியருக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று மடிக்கணினியை மூடாமலே எடுத்துக்கொண்டு போனாள்.